முழுகுகிற வேஷம்

"மூச்ச நல்லா உள்ள இழுங்க. அப்படியே பிடிச்சுக்குங்க. ஆடாதீங்க. ம், விடலாம்."

மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைக்கு ஒரு நாளில் எத்தனை நெஞ்சு வருகிறதோ அத்தனை தடவை அவள் இதைச் சொல்ல வேண்டும். அங்கே டாக்டரிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவள் 'எக்ஸ்ரே அக்கா'. கைராசிக்காரி, நோயாளியை நோகாமல் திருப்பி நிறுத்துவாள் என்று பெயர். அவளிடம் குறை என்று சொன்னால் ஒன்றுதான். "பிடிச்சுக்குங்க" என்பதற்கும் "விடலாம்" என்பதற்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடைவெளி அவளுக்கு ஆகாது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துகிறபோதே "விடலாம்" என்று விடுவாள். சில நாள் அந்த அவசரத்தில் படம் கலங்கிப்போகும்.

"அவர் ஒண்ணும் செத்துட மாட்டாரும்மா. கொஞ்சம் பொறுத்துச் சொல்லு" என்பார் டாக்டர்.

"சரி சார்" என்பாள். மறுநாளும் அதே கதைதான்.

மூச்சு விஷயத்தில் அவளுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொன்னால் சினிமாக் கதை என்று சிரிப்பார்கள். சொல்லப்போனால் அது சினிமாவில்தான் தொடங்கியது.

அவள் அப்பா ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர். வீட்டில் அண்ணன், அவள் என்று இரண்டே பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் நேரே தியேட்டருக்குத்தான் ஓடுவார்கள். படம் பாதி ஓடியிருக்கும். அப்பா பக்கத்துக் கதவின் திரையை விலக்கி, முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிடுவார். முன்வரிசை ஓரத்தில், ஸ்பிரிங் போன நாற்காலியில், கழுத்தை அண்ணாந்துகொண்டு பார்ப்பார்கள். எந்தப் படத்துக்கும் அவர்களுக்கு முதல் பாதி கிடையாது. யார் யாருக்கு என்ன உறவு, வில்லனுக்கு ஏன் அத்தனை கோபம் என்பதையெல்லாம் வீட்டுக்கு நடக்கிற வழியில் அண்ணன் இட்டுக்கட்டிச் சொல்லுவான். கதாநாயகனுடைய அம்மாவை அவனுடைய மனைவி என்று சொல்லி ஒரு படத்தையே நாசமாக்கியிருக்கிறான்.

அப்படிப் பார்த்த ஒரு படத்தில் படகு கவிழும். கதாநாயகனின் தங்கை ஆற்றில் விழுந்து, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, "காப்பாத்துங்க" என்று அலறுவாள். முழுகுவாள், மேலே வருவாள், மறுபடி அலறுவாள். கூந்தல்கூடக் கலைந்திருக்காது. கதாநாயகன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாய்வான். அந்தப் படம் நெடுநாள் ஓடியதால் அவர்களும் நெடுநாள் பார்த்தார்கள். பிறகு வீட்டில் கட்டில்தான் படகு, தரைதான் ஆறு. பாய்கிற வேஷம் அண்ணனுக்கு. முழுகுகிற வேஷம் எப்போதும் அவளுக்கு.

அவள் அதில் கெட்டிக்காரி. தொண்டை கிழியக் கத்துவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா எல்லோரையும் கடலுக்குக் கூட்டிப்போவார். மத்தியானக் காட்சிக்குள் திரும்பிவிட வேண்டும். அப்பா தண்ணீரில் மீன். அலைக்கு அந்தப்பக்கம் போய் மல்லாந்து கிடப்பார். முழங்காலளவுத் தண்ணீரில் அவளும் அண்ணனும் படகு கவிழ்கிற காட்சியை நடத்துவார்கள். முதல் தடவை அவள் கத்தியபோது கரையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அம்மா கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அடுத்தடுத்த தடவைகளில் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பக்கத்தில் குளிக்கிறவர்கள் கைதட்டினார்கள். அப்பா அவளுக்கு 'நடிகை' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மழைக்காலத்தில் கடல் ஆகாது என்று நகராட்சி நீச்சல் குளத்துக்குப் போனார்கள். அவளுக்கு அப்போது எட்டு வயது. வெள்ளை ஓடு பதித்த குளம். ஒரு கோடியில் இடுப்பளவு, போகப்போக ஆழம். ஆழக் கோடியில் அப்பா அண்ணனுக்குக் குதிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா விளிம்பில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தாள். ஒரே இரைச்சல். யாருடைய மஞ்சள் பந்தோ மிதந்து வந்தது. அதைப் பிடிக்க இவள் இரண்டு எட்டு எடுத்துவைத்தாள். தரை இருந்த இடத்தில் தரை இல்லை.

வாயைத் திறந்தால் கத்தல் வரும் என்றுதான் நினைத்தாள். உள்ளே போனது தண்ணீர். கையை மேலே தூக்க வேண்டும் என்று தெரியும், எத்தனை தடவை தூக்கியிருக்கிறாள். ஆனால் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இரண்டும் தாமாக விரிந்து தண்ணீரைக் கீழே அமுக்கின, இல்லாத ஏணியில் ஏறுவது போல. வாய் ஒரு நொடி வெளியே வரும். அதற்குள் உள்ளதைத் துப்புவதா, வெளியில் உள்ளதை இழுப்பதா? இரண்டுக்கும் நேரம் போதவில்லை. தலைமுடி முகத்தில் அப்பிக்கொண்டது. அந்த முடிக்கு நடுவே அம்மா தெரிந்தாள், நாலு முழத் தூரத்தில். அம்மா அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள். கையை ஆட்டினாள்.

காப்பாற்றியது யார் என்று கேட்டால், யாரும் இல்லை. மல்லாந்து நீந்தி வந்த ஒரு தொந்திக்காரர் அவள்மேல் முட்டிக்கொண்டார். "பார்த்து நில்லு பாப்பா" என்று தோளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளிவிட்டுத் தன்பாட்டுக்குப் போனார். தள்ளிய இடத்தில் தரை இருந்தது.

மூக்கிலும் வாயிலும் ஒழுக அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். "அம்மா, நான் முழுகிட்டேன்."

"எப்படி முழுகுன? நீ கத்தவே இல்லையேடி."

"கத்த முடியல."

"நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன். நல்லா நின்னு விளையாடிட்டு இருந்த" என்று அம்மா துண்டால் தலையைத் துவட்டினாள். விஷயம் கேட்டு அப்பா தண்ணீருக்குள்ளிருந்தே சொன்னார், "நடிகைக்கு இன்னைக்குப் புதுப் படம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மறுபடி அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவளைப் பயமுறுத்தியது தண்ணீர்கூட இல்லை. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், அப்படியும் தெரியவில்லையே, அதுதான்.

அதோடு தியேட்டரும் கசந்தது. தண்ணீரில் விழுகிற காட்சி எந்தப் படத்தில் வந்தாலும் அவள் கத்துகிறவளைப் பார்ப்பதில்லை. கத்துகிறவளுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் சத்தமில்லாமல் தலைகள் தெரிகின்றனவே, துணைக்கு நடிக்க வந்தவர்கள், அவர்களைப் பார்ப்பாள். காட்சி மாறிவிடும். அவர்கள் கரையேறினார்களா என்று யாரும் காட்ட மாட்டார்கள். அந்தக் கவலையோடு வீட்டுக்கு வந்து படுப்பாள்.

வளர்ந்தாள், படித்தாள், எக்ஸ்ரே அறையில் வேலை கிடைத்தது. குடும்பம் கடலுக்குப் போவது நிற்கவில்லை. அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு பட்டாளம் பெரிதாகிவிட்டது. அவள் மட்டும் கரையில், துணிமணிக்குக் காவல். காவல் என்பது பேருக்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தண்ணீரையே பார்த்திருப்பாள். அண்ணன் பிள்ளைகளில் ஒன்று கொஞ்சநேரம் சத்தமில்லாமல் இருந்தாலும் எழுந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

"அத்தை, நாங்க விளையாடிட்டுத்தான் இருக்கோம்."

"விளையாடுங்க. சத்தம் போட்டுக்கிட்டே விளையாடுங்க."

பிள்ளைகளுக்குச் சத்தம் போடு என்று சொல்கிற ஒரே பெரியவள் அவள்தான்.

கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நல்ல மனுஷன். நீச்சலும் தெரிந்தவர். மகள் பிறந்ததும் அவள் சொன்ன முதல் நிபந்தனை, "இவ தண்ணிப் பக்கம் போகக்கூடாது." அவர் தலையாட்டினார். பக்கெட் தண்ணீரில்கூடக் குழந்தையைத் தனியே விடாமல் வளர்த்தாள். கடற்கரையில் மகள் அவள் மடியிலேயே உட்கார்ந்து, மற்ற பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்து ஏங்கும்.

மகளுக்குப் பத்து வயதானபோது வாரம் இரண்டு நாள் சாயங்காலம் கணக்கு டியூஷன் என்றார் கணவர். தானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார். ஒருநாள் மகளுக்குத் தலைவாரிவிடும்போது அவளுக்கு அந்த வாசனை அடித்தது. ஷாம்புவையும் தாண்டி முடிக்கு அடியிலிருந்து வந்தது. குளத்துத் தண்ணீரில் கொட்டுகிற மருந்தின் வாசனை. எத்தனை வருஷமானாலும் அதை அவள் மூக்கு மறக்காது. சீப்பு அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சிக்கு."

அடுத்த டியூஷன் நாளில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள். அதே நகராட்சிக் குளம்தான். ஓடு மட்டும் நீலமாக மாறியிருந்தது. போய்த் தரதரவென்று இழுத்து வந்துவிட வேண்டும் என்ற வேகத்தில்தான் போனாள். பார்வையாளர் படிக்கட்டில் ஏறித் தண்ணீரைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் முழுக்கப் பிள்ளைகள். எல்லாத் தலையிலும் ஒரே நீலத் தொப்பி, எல்லா முகத்திலும் ஒரே கறுப்புக் கண்ணாடி. இதில் எது தன் மகள் என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்தத் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பது? ஒன்று உள்ளே போனது. அதையே பார்த்து நிற்பதற்குள் வேறொன்று போனது. பெயர் சொல்லிக் கத்தலாம். கத்தினால் பிள்ளை திடுக்கிட்டு வாயைத் திறக்கும், தண்ணீர் போய்விடும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாலு படி கீழே கணவர் உட்கார்ந்திருந்தார், மடியில் துண்டு. பேப்பர் ஏதோ விரித்திருந்தார், ஆனால் படிக்கவில்லை. கழுத்தை நீட்டித் தண்ணீரைப் பார்த்தபடி, துண்டைப் பிழிந்து பிழிந்து முறுக்கிக்கொண்டிருந்தார். அவள் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "திட்டணும்னா வீட்டுக்குப் போய்த் திட்டு. அவ காதுல விழ வேணாம்."

"எது நம்ம பொண்ணு?"

"கயித்துக்கு இந்தப்பக்கம், மூணாவது."

அந்த மூன்றாவது தொப்பியைக் கண்ணால் பிடித்துக்கொண்டாள். மணியடிக்கும்வரை விடவில்லை. இமைக்கிறபோதுகூடப் பயமாக இருந்தது.

வீட்டில் சண்டை நடந்தது. சத்தம் அதிகமில்லை, வார்த்தைதான் சூடு. "எங்கிட்டப் பொய் சொல்லிட்டீங்க" என்றாள்.

"சொன்னேன். தப்புதான்" என்றார் அவர். "ஆனா நீ தண்ணியப் பார்த்துப் பயப்படுற. நான் நீச்சல் தெரியாத பொண்ண நினைச்சுப் பயப்படுறேன். நாளைக்கு எங்கயாவது கால் தவறினா யாரு இருப்பா?"

அறைக்குள்ளிருந்து மகள் வந்து நின்றாள். "அம்மா, உனக்கு ஏன் தண்ணின்னா பயம்?"

அத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அதைக் கேட்டதில்லை. பயந்தவள் என்று பட்டம் கட்டினார்கள், ஏன் என்று கேட்டவர் இல்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கட்டில் படகு, மஞ்சள் பந்து, தொந்திக்காரர்.

"சத்தமே வராதாம்மா?"

"மூச்சுக்கே வாய் பத்தாது. கத்துறதுக்கு எங்க போறது."

"கை?"

"மேல தூக்க வராது. தண்ணிய அமுக்கும். தலை பின்னால சாஞ்சு வாய் மட்டும் மேல பார்க்கும். முடி கண்ணுல விழுந்தா ஒதுக்கக்கூட முடியாது. பார்க்கிறவங்களுக்கு நின்னு விளையாடுற மாதிரிதான் இருக்கும்."

மகள் அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு, "நான் நம்புறேன்மா" என்றாள். கணவர் எழுந்து போய் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். நீச்சல் வகுப்பு தொடர்ந்தது, இனிமேல் ஒளிவுமறைவு இல்லாமல். முடிந்த நாளெல்லாம் அவளும் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து பார்த்தாள்.

மகளுக்குப் பதின்மூன்று நடக்கும்போது, ஒரு விடுமுறை நாளில் பட்டாளம் முழுக்கக் கடலுக்குப் போனது. நல்ல கூட்டம். அண்ணனும் கணவரும் பிள்ளைகளோடு தண்ணீரில் இருந்தார்கள். மகள் குளித்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி வேறொரு குடும்பம், அலை ஓரத்தில் நின்று ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்தச் சிவப்பு பனியன் பாப்பா" என்றாள் மகள். பிஸ்கட் மணலில் விழுந்தது. பக்கத்தில் கிடந்த காற்றடைத்த டியூபைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அவள் பார்த்தாள். படம் எடுக்கிற குடும்பத்துக்குப் பின்னால், அலை தோண்டிய பள்ளத்தில், ஒரு சின்னத் தலை. பின்னால் சாய்ந்து, வாய் வானத்தைப் பார்த்து. முகத்தில் முடி அப்பியிருந்தது, ஒதுக்கவில்லை. சத்தம் இல்லை. அதை முதல் தடவையாக அவள் வெளியிலிருந்து பார்க்கிறாள். அதை நோக்கித் தன் பிள்ளை போகிறது. போக வைத்தது தன் வாய். சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பெண்ணும் எல்லோரையும் போலப் பிஸ்கட் தின்றுகொண்டு இருந்திருக்கும்.

ஓடினாள். தண்ணீர் காலில் பட்டதும் கால் நின்றுவிட்டது. மகள் டியூபை முன்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் குழந்தை டியூபைப் பிடிக்கவில்லை. மகளின் கழுத்தைப் பிடித்தது. ஏணியில் ஏறுவது போல அவள்மேல் ஏறியது. ஒரு அலை வந்தது. அலை போனபோது டியூப் மட்டும் மிதந்தது.

கத்தப் பார்த்தாள். தரையில்தான் நின்றாள், மூச்சும் இருந்தது, ஆனாலும் சத்தம் வரவில்லை. அப்போதுதான் காலை முன்னால் வைத்தாள். முழங்கால், இடுப்பு, மார்பு. நீச்சல் தெரியாது என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவில்லை. தரை இருந்தவரை போனாள். எங்கிருந்தோ அவளுக்குக் குரல் வந்தது. அண்ணன் பிறகு சொன்னான், அந்தக் குரலைக் கேட்டுத் தண்ணீரில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்களாம்.

டியூபுக்கு அந்தப்பக்கம் மகளின் தலை வெளியே வந்தது. இருமிக்கொண்டே குழந்தையைப் பின்னாலிருந்து தூக்கி டியூபுக்குள் திணித்தாள். தரை இருந்தவரை வந்திருந்த இவள் எட்டி, டியூபைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிடியை, கணவரும் அண்ணனும் வந்து மூவரையும் கரைக்கு இழுத்த பிறகும் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

குழந்தை தண்ணீரைக் கக்கியது, அப்புறம் வீல் என்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் அதன் அம்மா திரும்பிப் பார்த்தாள். "என்னாச்சு? இங்கதானே நின்னு விளையாடிட்டு இருந்தா" என்று திகைத்தாள்.

இவள் தன் மகளின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். இன்னொன்று வைத்தாள். பிறகு துண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் பல் கிட்டியது. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்புகிற வேனில் அண்ணன் தன் பிள்ளைகளுக்கு அதை ஒரு படமாகவே ஓட்ட ஆரம்பித்தான். "அப்ப ஒரு பெரிய அலை…" என்றபோது, "போதும்ணே" என்றாள். அவன் நிறுத்திவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. வகுப்பு நாள் வந்தது. மகள் கிளம்பவில்லை. தலைவலி என்றாள். அடுத்த நாள் வயிற்றுவலி. மூன்றாவது தடவை கணவர் கூட்டிப்போனார். குளத்துப் படியில் ஒரு காலை வைத்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாளாம், இறங்கவே இல்லை. வீட்டில் முகம் கழுவும்போதுகூடக் கண்ணை மூடாமல் கழுவினாள். "கழுத்தைப் பிடிச்சது இன்னும் இருக்கும்மா" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

மகள் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது என்று எத்தனை வருஷம் வேண்டியிருப்பாள். இப்போது கேட்டது கிடைத்தது, நெஞ்சு ஆறவில்லை. இந்தப் பயம் எப்படி இருக்கும், எத்தனை வருஷம் கூட வரும் என்று அவளைத் தவிர அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குளத்தில் பெண்களுக்கு மட்டும் நேரம். மகளுக்கு அப்போது பள்ளிக்கூட விடுமுறை. கடைக்குப் போய் ஒரு நீச்சல் உடை வாங்கினாள். அளவு தெரியாமல் வாங்கியதில் தோளில் இறுக்கியது. கண்ணாடியில் பார்த்து, "கட்டுப் போட்ட மாதிரி இருக்கேன்" என்றாள். மகள் அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தாள்.

"நீயாம்மா இறங்கப் போற?"

"தனியா மாட்டேன். நீ கையப் பிடிச்சுக்கோ."

இரண்டு பேரும் ஆழமில்லாத கோடியில் படியைப் பிடித்து இறங்கினார்கள். இடுப்புக்குத் தண்ணீர் வந்ததும் அவளுக்கு மூச்சு மேலும் கீழும் வாங்கியது. பிடித்திருந்த மகளின் கை சில்லிட்டிருந்தது. யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் வயதான அம்மாள் ஒருத்தி தண்ணீரைத் துழாவியபடி நடந்துகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்து, "முதல் நாளா?" என்று கேட்டாள். "ஆமாங்க" என்றாள் இவள்.

"வீட்டுக்குப் போலாமாம்மா?" என்றாள் மகள்.

"கொஞ்சம் நில்லு."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான். சும்மா நிப்போம். நின்னா போதும்."

நின்றார்கள். கால்விரலால் தரையைத் தடவிக்கொண்டே நின்றார்கள். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.

மகள் நீந்தத் திரும்பியது மழைக்காலம் முடிந்த பிறகுதான், அதுவும் முதலில் கயிற்றை ஒட்டியே. பிறகு ஆழத்துக்கும் போனாள். இவளோ மார்பளவுவரை போவாள், அதற்கு மேல் கிடையாது. முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொல்லி மகள் எவ்வளவு கெஞ்சியும் வைத்ததில்லை. பயம் குறைந்ததா என்று கணவர் கேட்டபோது யோசித்துப் பார்த்து, "இல்லைங்க" என்றாள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை வந்தால் சாப்பாட்டு மணிக்கு எக்ஸ்ரே அறையைப் பூட்டிவிட்டு, பையில் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.